மேஸ்திரி கையிலிருந்த முடி

போன வாரம் உங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து, பஞ்சில் சுற்றிய ஒரு சின்ன எலும்பை என் முன்னால் வைத்து, "சார், நீங்க பாத்த உடனே சொல்லிடுவீங்க" என்றார். நான் கால் மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவனுக்கு ஞாபகம் போய்விட்டது என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். பார்த்த உடனே சொல்கிறவன் என்கிற பெயரை நான் ஒருமுறை வாங்கியிருக்கிறேன். அதை வாங்கிய விதத்தை எங்கேயும் சொன்னதில்லை. எலும்புப் பிரிவுக்கு வந்திருக்கும் நீங்கள் நான்கு பேராவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். எனக்கு இருபத்தொன்பது வயது. அருங்காட்சியகத்தில் பறவை எலும்புகள் என் பொறுப்பு. தலைக்கனம் சம்பளத்தைவிடப் பல மடங்கு இருந்தது.

நான் அப்போது கானாங்கோழிகளின் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். பறக்கிற பறவையின் மார்பெலும்பில் நடுவே ஒரு மேடு எழுந்து நிற்கும், இறக்கையை அடிக்கும் தசைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். தீக்கோழிக்கும் ஈமுவுக்கும் அந்த மேடே இல்லை. கானாங்கோழிக்கு இருக்கிறது, ஆனால் குட்டை. துரத்தினால் ஓடிப் பார்க்கும், வேறு வழியே இல்லாதபோதுதான் பறக்கும். இதன் உறவுகள் தொலைதூரத் தீவுகளில் போய் இறங்கி, அங்கே துரத்த யாரும் இல்லாததால் பறப்பதையே விட்டுவிட்டன. விடுவதற்கு முன்னால் உடம்பில் முதலில் எது குறைகிறது என்பதுதான் என் கேள்வி. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய கோரைப் புதர்களில் கானாங்கோழி ஏராளம் என்று கேள்விப்பட்டு, மூன்று வாரத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். உப்புக் கிடங்கின் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள்.

அங்கே பாத்திகளைத் தயார் செய்யும் காலம் அது. உப்புப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்துத்தான் இறுக்குவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்று, குதிகாலால் அங்குலம் அங்குலமாக மிதித்துக்கொண்டே போவார்கள். மிதித்து முடித்த பாத்தியில் எந்தத் தடமும் இருக்கக் கூடாது. ஒரு பள்ளம் இருந்தாலும் அதில் சேறு தங்கி உப்பு கறுத்துவிடும். அதனால் புதிதாக ஒரு தடத்தைக் கண்டால், அது நாயா நரியா என்று கேட்பதற்கு முன்பே காலால் அதை அழித்துவிடுவார்கள். யோசித்துச் செய்வதில்லை. கண் பார்த்ததும் கால் மிதித்துவிடும்.

நான் போன இரண்டாம் நாள் விடியலில் வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தேன். பனி இறங்கியிருந்தது. மிதிக்கும் வரிசை ஒரேயடியாக நின்றது. ஒருத்தி மாத்திரம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு புதர்ப் பக்கம் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கும் அது வந்தது. சத்தம் என்று சொல்ல முடியவில்லை. விலா எலும்புகளுக்குள்ளே யாரோ மெதுவாகக் கை வைத்து அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது. இரண்டு முறை, பிறகு ஒன்றுமில்லை.

"மூணு நாளா இப்படித்தாங்க சார்" என்றாள் நெஞ்சில் கை வைத்திருந்தவள். அவள் பெயர் அஞ்சலை. முப்பத்தைந்து வயதிருக்கும், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். "காதுல கேக்கல. நெஞ்சுக்குள்ள கேக்குது."

"பம்ப்செட்டா இருக்கும்" என்றேன்.

"பம்ப்செட்டு ஏது சார் இங்க? கரண்டே இல்லியே."

வரிசை சிரித்தது. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பக்கத்தில் நின்ற கன்னியம்மா என்பவள் குதிகாலால் எதையோ அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "காலு தடங்க. இன்னாவோ வந்துட்டுப் போயிருக்குது" என்றாள். எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. பறவைகளின் காலை ஆராய அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மாலையில், மிதிக்கிறவர்களை வேலை வாங்கும் மேஸ்திரிக்கும் அஞ்சலைக்கும் பெரிய சண்டை. அவளுடைய பாதத்தில் உப்புப் புண். அந்தக் காலோடு மிதித்தால் பாத்தியில் பள்ளம் விழும் என்று மேஸ்திரி அவளை வரிசையிலிருந்து நிறுத்திவிட்டார். நிறுத்தினால் அந்தப் பருவம் முழுக்க வேலை இல்லை. அவள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, உப்பளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "என் புள்ளைங்க வவுத்துல அடிக்கிற இல்ல? உன் வவுறு கிழிஞ்சி போவும்யா!"

மறுநாள் விடியலில் மேஸ்திரி கடைசிப் பாத்தியின் வரப்பில் கிடந்தார். தொடையிலிருந்து அடிவயிறு வரை கத்தியால் இழுத்த மாதிரி நேராக ஒரு கிழிசல். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. முதலில் பார்த்துக் கத்தியவள் அஞ்சலை. வேலையைத் திரும்பக் கேட்டுக் காலில் விழலாம் என்று எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாளாம். மேஸ்திரியின் மூடிய கைக்குள் ஒரு கற்றைக் கறுப்பு முடி இருந்தது.

அவரை மாட்டுவண்டியிலும் பிறகு லாரியிலுமாகப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாத்தியில் ரத்தம் விழுந்திருந்ததால் யாரும் அதில் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று கணக்குப்பிள்ளை மடையைத் திறந்து அதில் உப்புத் தண்ணீரை விட்டுவிட்டார். போலீஸ் வந்தபோது அங்கே ஒரு தண்ணீர்ப் பரப்பு மாத்திரம்தான் இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் மோசமான ஆள் இல்லை. இதையும் சொல்ல வேண்டும். ஊரே அஞ்சலையைக் கை காட்டியபோதும் அவர் அந்த முடியை ஒரு காகிதத்தில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார்.

"சார், நீங்க மியூசியம். இது மனுஷ முடியா, மிருகமா, பறவை கிறவையா? ஒரு கான்ஸ்டபிள் கரடிங்கறான்."

ஜன்னலோரம் நின்று பார்த்தேன். உப்பு ஏறி விறைத்திருந்த கறுப்பு இழைகள். என் சட்டைப் பையில் லென்ஸ் இருந்தது. எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நாற்பது வருடத்துக்கு மேல் யோசித்திருக்கிறேன். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, அதுதான் காரணம். லென்ஸ் எடுத்தால் எனக்குச் சந்தேகம் என்று ஆகிவிடும்.

"இறகு இல்லை" என்றேன். "இறகுன்னா தட்டு இருக்கணும். இழைகள் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுச் சேர்ந்திருக்கும். கரடி முடி இவ்வளவு நீளம் வராது. தலைமுடிதான்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதி, பதவிப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன். அவர்கள் அஞ்சலையின் முடியில் கொஞ்சம் வெட்டி எடுத்து அந்தக் கற்றைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வருடக்கணக்காக உப்புக் காற்றும் வெயிலும் தின்ற முடி. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "சார், நல்லாப் பாருங்க சார்" என்று மாத்திரம் சொன்னாள். நான் பார்த்தாயிற்று என்பது போலத் தலையை ஆட்டினேன். அன்றைக்கே ரிமாண்ட். மேஸ்திரி செத்தால் கொலைக் கேஸ் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் கானாங்கோழிக்குத் திரும்பிப் போனேன். கூச்சமே இல்லாமல் சொல்கிறேன், அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன். நெஞ்சுக்குள் வரும் அந்த அழுத்தம் விடியலில் இன்னும் இரண்டு முறை வந்தது. அறைக்குள்ளேயே படுத்திருந்தபோது ஒருமுறை, தகர டப்பாவில் வைத்திருந்த சின்ன எலும்புகள் தாமாகக் கிணுகிணுத்தன. எழுந்து மூடியை இறுக்கி மூடிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அஞ்சலையைக் கொண்டுபோன ஒன்பதாம் நாள் கன்னியம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. உட்காரவும் இல்லை.

"நீங்கதான கையெழுத்து போட்டது?"

"ஆமாம்."

"ஒரு கத்த முடிய அப்படியே புடுங்கினா தலையில காயம் இருக்காதா சார்? அஞ்சல தலைய யாருனா பாத்தீங்களா? நான் அன்னிக்கி காத்தால அவளுக்குச் சீவி வுட்டேன். ஒரு எறும்பு கடிச்ச தடம் இல்ல."

வெட்டி எடுத்திருக்கலாமே என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"யாரு வெட்டினது? குத்துப்பட்டுக் கெடந்தவனா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

படிக்காத ஒரு பெண் கேட்ட இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அவமானம், வேறொன்றும் இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போனேன். ஸ்பிரிட் வாங்க வேண்டும் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

மேஸ்திரிக்கு முந்தைய நாள்தான் நினைவு வந்திருந்தது. முகம் காகிதமாக இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் ஏற்கெனவே வாக்குமூலம் வாங்கிப் போய்விட்டாராம். அதில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பொம்பள தாங்க" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

"அஞ்சலையா?"

"அஞ்சலன்னுதான் நெனச்சேன். பனியில நின்னுகினு இருந்தா. என் ஒசரம். முடிய விரிச்சிப் போட்டு, ஒடம்பெல்லாம் முடி, முட்டி வரைக்கும். ஏய், யாரு அதுன்னேன். பேசல. தலைய மட்டும் சாச்சி ஒத்தக் கண்ணால பாத்தா." அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். "கிட்ட போனா கழுத்து நீலம் சார். நல்ல நீலம். கழுத்துல செவப்பா ரெண்டு தொங்குச்சி, தாலி மாதிரி. உச்சந்தலையில கொண்ட. அப்ப ஓடியிருக்கணும். ஓடாம முடியப் புடிச்சிட்டேன்."

"எதால குத்தினாள்?"

"குத்தலிங்க. எகிறி ஒதச்சா."

"உதைச்சா வயிறு கிழியுமா? கையில் ஏதாவது இருந்ததா?"

அவர் என்னையே பார்த்தார். இதை அவர் போலீஸிடம் சொல்லவில்லை, பைத்தியம் என்பார்கள் என்று பயந்திருக்கிறார்.

"அவளுக்குக் கையே இல்ல சார்."

அந்த வார்டில் பகல் பத்து மணி வெளிச்சம். ஒரு நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் போர்வை மாற்றிக்கொண்டிருந்தாள். கை இல்லாத, ஆளுயர, நீலக் கழுத்துள்ள ஒன்று. அதன் எலும்புகளை நான் என் கையாலேயே அடுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதன் இறக்கை எலும்பு என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் முள்ளம்பன்றி முள் போலச் சில வெறும் தண்டுகள் தவிர இறக்கை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கேசோவரி. நியூ கினியின் காட்டுப் பறவை. அதன் எலும்பைத் தொட்டிருந்த நான் இறகைப் புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. பெட்டியில் எலும்புதானே இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் கடந்தது தெரியவில்லை. நேரே உப்பளத்துக்குப் போய்க் கன்னியம்மாவைத் தேடினேன். அன்றைக்கு நீ மிதித்த காலுக்கு எத்தனை விரல் என்று கேட்டேன். மூன்று என்றாள். பின்னால் ஒரு விரல் இருந்ததா என்றேன். இல்லை என்றாள். இப்படி எத்தனை தடம் பார்த்தீர்கள்? "நெறைய. எல்லாத்தியும் மிதிச்சிட்டோமே" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். தோழியைக் காப்பாற்றக்கூடிய சாட்சியைப் பன்னிரண்டு பேருமாகச் சேர்ந்து தினமும் காலையில் ஒழுங்காக அழித்திருக்கிறார்கள்.

"மிதிக்காத பாத்தி ஏதாவது இருக்கா?"

அவள் கடைசிப் பாத்தியைக் காட்டினாள். ரத்தம் விழுந்த பாத்தி.

பத்து நாள் வெயிலில் அதிலிருந்த தண்ணீர் வற்றியிருந்தது. அவள் வரப்பிலேயே நின்றுகொண்டாள். நானும் இறங்கவில்லை, குனிந்து பார்த்தேன். கறுத்த களிமண்ணில் தடங்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு தடத்தின் விளிம்பிலும் உப்பு பூத்து வெள்ளையாகக் கோடு கட்டியிருந்தது. யாரோ சுண்ணாம்பால் வரைந்து காட்டிய மாதிரி இருந்தது. மேஸ்திரியின் வெறுங்கால்கள் ஒரு பக்கமாக வந்தன. எதிர்ப்பக்கமிருந்து மூன்று விரல்கள், என் கையை விரித்தாலும் மூட முடியாத அகலம். உட்பக்க விரலின் முனையில் மாத்திரம் களிமண் நேராக, ஆழமாகக் கீறியிருந்தது. அந்த நகம் என் நடுவிரலைவிட நீளம். இரண்டு வரிசைத் தடங்களும் ஒரு இடத்தில் சேர்ந்தன. அங்கிருந்து மேஸ்திரி தவழ்ந்து வரப்பேறிய சுவடு. வேறு எந்த மனிதக் காலும் அந்தப் பாத்தியில் இறங்கவில்லை.

பையில் வைத்திருந்த பிளாஸ்டர் மாவைக் கரைத்து வரப்பை ஒட்டியிருந்த ஒரு தடத்தில் ஊற்றினேன். அது இறுகும்வரை கன்னியம்மா புதர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தபாலாபீசுக்குப் போய் என் மேலதிகாரிக்கு டிரங்க் கால் போட்டேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற அவருடைய அனுமதி வேண்டும். முழுக்கக் கேட்டார். பிறகு, "எழுத்தில் கொடுத்தாச்சா? அப்படின்னா விட்டுட்டு ஊருக்குக் கிளம்பி வா. மரக்காணத்துல கேசோவரின்னு நம்ம லெட்டர்ஹெட்ல போனா நாளைக்கு ஒவ்வொருத்தனும் சிரிப்பான். நீயும் இங்க இருக்க மாட்டே" என்றார். லைன் அறுந்தது. அறுந்ததா, வைத்தாரா, தெரியாது. இன்னொரு முறை கூப்பிட வேண்டுமா என்று போஸ்ட் மாஸ்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். உண்மையைச் சொன்னால், வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. ஆனால் கன்னியம்மா தபாலாபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும்.

பிளாஸ்டர் அச்சை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கி நீங்கதான் இறகு இல்லேன்னீங்க. இன்னிக்கி இறகுங்கறீங்க. நாளைக்கி இன்னா சொல்லுவீங்க சார்?"

"அன்னிக்கி நான் பார்க்காமல் சொன்னேன்."

அவர் முகம் மாறியது. கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து பீரோவைத் திறந்து அந்தக் கவரை எடுத்து வைத்தார்.

ஒரு சாசரில் நல்ல தண்ணீர் கேட்டேன். கற்றையிலிருந்து நான்கைந்து இழைகளைப் பிரித்து அதில் போட்டேன். உப்பு கரையக் கரைய விறைத்த இழைகள் மெதுவாக விரிந்தன. முடி விரியாது. இவற்றில் பக்கங்களில் நூல் நூலாக மெல்லிய கிளைகள் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே மிதந்தன. லென்ஸை அவர் கையில் கொடுத்து வேரைப் பார்க்கச் சொன்னேன். கான்ஸ்டபிளும் எட்டிப் பார்த்தார்.

"ஒரே வேரு" என்றார் சப் இன்ஸ்பெக்டர். லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "ரெண்டு தண்டு போவுது சார்."

"ஒரே நீளத்தில் ரெண்டு. பறப்பதை விட்ட பறவைகளில் இந்த ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான். பறக்க வேண்டாம் என்று ஆன பிறகு இறகுக்குத் தட்டும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். கடைசியில் முடி மாதிரி ஆகிவிடும்."

"கோர்ட்டுல இத சொன்னா நம்ப மாட்டாங்க. பறவையக் காட்டுங்க."

மறுநாள் விடியலில் ஏழு பேர் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். சப் இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள், கன்னியம்மா, வரிசையில் மிதிக்கும் இரண்டு ஆட்கள், நான். பனி அடர்த்தியாக இருந்தது. கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல்கள் நிழலாகத் தெரிந்தன. அவற்றை எண்ணினேன். ஆறு. சும்மா இருக்க முடியாமல் மறுபடி எண்ணினேன். ஏழு.

அப்போது அது வந்தது. நெஞ்சுக்குள் அந்த அழுத்தம், இம்முறை மிக அருகில். சப் இன்ஸ்பெக்டர் தன் மார்பைப் பிடித்துக்கொண்டார். ஏழாவது குவியல் கழுத்தை நிமிர்த்தியது. பனி கொஞ்சம் விலகியபோது நீலம் தெரிந்தது. தலைமேல் கொம்பு மாதிரி ஒரு கவசம், கழுத்தில் சிவப்பாகத் தொங்கும் இரண்டு மடல்கள், தோளிலிருந்து முட்டி வரை வழியும் கறுப்பு. கை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் எங்கள் ஏழு பேரையும் பார்த்தது. கான்ஸ்டபிள் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அதைப் பற்றி எல்லாம் படித்தவன். எனக்கும் அது பெண்ணாகத்தான் தெரிந்தது. பிறகு அது திரும்பி, ஒவ்வொரு காலாக அழுத்தி வைத்து, வேலிக்காத்தான் புதருக்குள் போய்விட்டது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர் ஊராகப் போகும் ஒரு விலங்குக் காட்சிக்காரரின் லாரி பொம்மையார்பாளையத்துக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இறங்கிக் கூண்டு உடைந்திருக்கிறது. உரிமம் இல்லாததால் அவர் வாயைத் திறக்கவில்லை. நான்கு நாள் தேடிய பிறகு பறவை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் செத்துக் கிடந்தது. வயிற்றில் உப்பும் கோரையும் மாத்திரம் இருந்தன. நான்தான் அறுத்தேன். மார்பெலும்பு தட்டையாக, மேடே இல்லாமல், தாம்பாளம் மாதிரி வந்தது. எங்கள் நெஞ்சில் அழுத்தியது அதன் குரல், காது பிடிக்க முடியாத அளவு தாழ்ந்த குரல் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். மேஸ்திரி பிழைத்தார். அஞ்சலை மேல் இருந்த கேஸை எடுத்துவிட்டார்கள். என் வேலை போகவில்லை, ஆறு வருடம் பதவி உயர்வு மாத்திரம் வரவில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நான் வகுப்புகளில் அடித்துச் சொல்லுவேன்: தீக்கோழி, ஈமு, கேசோவரி, கிவி எல்லாம் பறக்காத ஒரே மூதாதையின் பிள்ளைகள், கண்டங்கள் பிரிந்தபோது ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன என்று. தட்டையான மார்பெலும்பு ஒன்றே சாட்சி என்பேன். பிறகு மரபணுவைப் படித்தவர்கள் வந்தார்கள். தென்னமெரிக்காவில் இன்னும் பறந்துகொண்டிருக்கும் டினமூ என்கிற கௌதாரி மாதிரி ஒன்று, இந்தக் குடும்பத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நியூசிலாந்துக் கிவிக்கு நெருங்கிய சொந்தம், அதே ஊரில் வாழ்ந்து மறைந்த மோவா இல்லை, எங்கேயோ மடகாஸ்கரில் மறைந்துபோன யானைப் பறவை. பறக்கும் மூதாதைகளிலிருந்து, ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக, அதே மாதிரி இறக்கை சுருங்கி, அதே மாதிரி நெஞ்சு தட்டையாகியிருக்கிறது. ஒரே மாதிரி இருந்ததால் ஒன்று என்று சொல்லிவிட்டேன். அஞ்சலையின் முடி விஷயத்தில் செய்த அதே தப்பை முப்பது வருடம் கரும்பலகையிலும் செய்திருக்கிறேன். அங்கே யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஊருக்குக் கிளம்பும் நாளில் கன்னியம்மா வந்தாள்.

"அஞ்சல அவ முடியக் கேக்கறா சார். ஸ்டேஷன்ல வெட்னாங்களே, அது. யாரு கையிலியோ முடி இருக்கக் கூடாதுங்க. பயப்படறா."

ஸ்டேஷனில் கேட்டேன். கேஸ் முடிந்ததும் இரண்டு கவரையும் சேர்த்து மியூசியத்துக்கு என்று என்னிடமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். என் பையில் தேடினேன். இரண்டும் இருந்தன. பழைய பழுப்புக் கவர்கள், மேலே ஒன்றும் எழுதவில்லை. எழுதி வைக்காததும் என் தப்புதான்.

அஞ்சலை உப்பளத்தில்தான் இருந்தாள். கால் புண் ஆறி, வரிசையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வரப்பேறி வந்து ஐந்தடி தள்ளி நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தைகள் எல்லாம் தயார் செய்து வந்திருந்தேன். முதலில் முடியைக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு கவரையும் திறந்து, உள்ளே இருந்ததை இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்றாக எடுத்தேன்.

எது எது என்று தெரியவில்லை.

சத்தியமாகத் தெரியவில்லை. இரண்டிலும் உப்பு ஏறியிருந்தது. இரண்டும் கறுப்பு, இரண்டும் விறைப்பு. எல்லாம் முடிந்த பிறகும், எலும்பு வரை அறுத்துப் பார்த்த பிறகும், அவள் முன்னால் நின்றுகொண்டு என் கண்ணால் ஒரு மனுஷிக்கும் அந்தப் பறவைக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வரிசை மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வரப்பில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். கன்னியம்மா கொண்டுவந்த குடிதண்ணீர்ச் சொம்பில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இழையை நனைத்து, லென்ஸை எடுத்து, வேரிலிருந்து நுனி வரை பார்த்தேன். ஒன்று கிளை விட்டு விரிந்தது. மற்றது விரியவில்லை. நிச்சயமானதும் மறுபடி ஒருமுறை பார்த்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

விரியாததை அவளிடம் நீட்டினேன். அஞ்சலை உடனே வாங்கவில்லை. என் கையையும் முகத்தையும் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துட்டீங்களா சார்?"